ஆறு மூடிகள்

மெட்டில் மரம் சாய்ந்து பாதை அடைத்தது நேற்று.
போடிக்கு இறங்க முடியாத ஜீப்
ராத்திரி முழுக்கப் பூப்பாறையில்,
என் பேட்டரிக் கடைக்கு எதிரே, பனியில்.
அதில் வேலைக்கு வந்த பதினோரு பெண்களும்
ஏலக்காய் ஸ்டோரில் சாக்கு விரித்துப் படுத்தார்கள்.

விடிந்தும் விடியாமல் காமுத்துரை சாவியைத் திருகினார்.
டக்.
மறுபடி திருகினார்.
அந்த டக்கும் இல்லை.

"உங்க ஊர்க் குளிரு கொன்னுருச்சே, பிலோமினா"
என்றார்,
பனியை நான்தான் பெய்யச் சொன்னதுபோல.

பானெட்டைத் தூக்கினேன்.
ஈய முனைகளில் பூத்துக் கிடந்தது
வெள்ளையும் பச்சையுமாக உப்பு.
கிளாம்பு எங்கோ உதிர்ந்து போக
சேலைக்கரையைக் கிழித்துக் கட்டியிருந்தார்.
கொண்டை ஊசி ஒவ்வொன்றிலும்
தலையாட்டியபடியே வந்திருக்கும் பாவம்.

ஆறு மூடி.
முதலாவதைத் திறந்தால் தகடு தெரிந்தது.
இரண்டில், மூன்றில், தகடு.
நாலில் கொஞ்சம் ஈரம்,
முந்தாநாள் அழுத கண் மாதிரி.
ஐந்தாவதை நான் பார்க்கவில்லை.
ஆறுக்கு மூடியே இல்லை,
பால் கவரைச் சுருட்டிச் செருகியிருந்தது.
நாலில் இருந்ததை உறிஞ்சிப் பார்த்தேன்,
ஹைட்ரோமீட்டருக்குள் மிதவை எழவில்லை.

குளிர் கொல்லாது அண்ணே.
குளிர் கணக்குக் கேட்கும், அவ்வளவுதான்.
ஆயில் இறுகும், எஞ்சின் கூடக் கேட்கும்,
கையிருப்பு எவ்வளவென்று அன்றைக்குத்தான் தெரியும்.

இது செத்தது மே மாதம்.
தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
நிழல் இல்லாத தாரில்
பன்னிரண்டு மணியிலிருந்து நாலு வரை
கல்யாண சவாரிக்குக் காத்துக் கிடந்தீர்களே, அப்போது.
தண்ணீர் ஆவியாகிக் கிளம்பிப் போனது,
சொல்லிக்கொள்ளவில்லை.
போன தண்ணீருக்குப் பதிலாக
போர்வெல் தண்ணீரை ஊற்றினீர்கள்.
ஊற்றவில்லை என்று சொல்லாதீர்கள்,
சுண்ணாம்பு படிந்திருக்கிறது உள்ளே.
கீழே வெயிலில் எஞ்சின் ஒரு திருகில் எழுந்துவிடும்.
அதனால் தெரியவில்லை உங்களுக்கு:
ஏழு மாதம், செத்ததுதான்
எழுந்து எழுந்து வந்துகொண்டிருந்தது.

நோட்டைப் புரட்டிக் காட்டினேன்.
மலையிலேயே ஓடுகிற வண்டிகளுக்கு நாலு, ஐந்து வருஷம்.
போடி, தேவாரம், கம்பம் என்றால் இரண்டரை.
சாந்தன்பாறை கான்வென்ட் வேனுக்கு
இது ஏழாவது வருஷம்.
மாதத்தின் முதல் சனிக்கிழமை சிஸ்டர் ரொசிட்டா
வெந்நீரில் சோடா உப்பு கரைத்து
பழைய பல்துலக்கியால் முனைகளைத் தேய்ப்பார்,
துடைத்து வாசலின் தடவுவார்.
ஜெபமும் உண்டா என்று கேட்டதில்லை.

"புதுசு சனிக்கிழமை எடுத்துக்கிறேன்.
இன்னிக்கு எப்படியாவது..."

எப்படியாவது என்றால்
பதினோரு பெண்கள் என்று அர்த்தம்.
இறங்கினார்கள். தள்ளினார்கள்.
ரேஷன் கடை இறக்கத்தில்
இரண்டாம் கியரில் கிளட்சை விட்டதும்
ஜீப் இருமி, உதறி, எழுந்தது.

ஒச்சம்மா மட்டும் மூச்சு வாங்கக் கடைக்கு வந்து
அலமாரியிலிருந்த கேனை எடுத்தாள்.
"அது குடிக்கிற தண்ணி இல்லக்கா.
பேட்டரிக்கு. வடிச்ச தண்ணி."

"ஓ, அதுக்கு வடிச்சுத்தான் ஊத்தணுமாக்கும்"
என்று கேனை வைத்துவிட்டுச் சிரித்தாள்.
சிரிப்பில் சேராமல்
வலது கை முழங்காலைப் பிடித்திருந்தது.

பதிமுகம் போட்டுக் கொதித்த தண்ணீர் இருந்தது,
சிவப்பாக, சூடாக.
ஒரு சொம்பு கொடுத்தேன், நின்றபடியே குடித்தாள்.
இன்னொரு சொம்பும்.

வெளியே காமுத்துரை உறுமவிட்டுக்கொண்டே இருந்தார்,
எஞ்சினை அணைக்கப் பயம்.

சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடினாள்.
பின்படியில் கால் வைத்து ஏறும்போது
கடை வாசல் வரை கேட்டது
அந்த முழங்கால்:
டக்.